சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் விளையாட்டு: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு ஆசிரியர்கள், இருபதிலிருந்து அறுபது பிள்ளைகள், ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், ஒரு வேப்பமரம், பாதி கல்லும் பாதி முள்ளுமாக ஒரு திடல். நான் வேலை பார்ப்பதும் இப்படி ஒரு பள்ளியில்தான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் மற்ற ஆசிரியர்கள் கேட்டதும், பள்ளி வாசலில் பெற்றோர் கேட்டதும்தான் கீழே உள்ள கேள்விகள்.

எல்லாப் பதில்களுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: இன்றைக்குப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில், மூச்சு வாங்க ஓடியாடாமல் வீட்டுக்குப் போன பிள்ளை யாராவது உண்டா? கோப்பை, பரிசு எல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் பள்ளியில் பி.டி. சார் இல்லை. யார் சொல்லிக் கொடுப்பது?

வகுப்பாசிரியர்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் என்று தனியாக யாரையும் சொல்லவில்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அதற்கு மேல் எண்ணிக்கைக்கு ஏற்ப. உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் என்பதெல்லாம் ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, பள்ளி என்று இருந்தால் விளையாட்டுத் திடல் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்கிறது. ஆள் தராவிட்டாலும் கடமை இருக்கிறது.

'எனக்கு விளையாட்டே தெரியாதே' என்று தயங்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கைப்பந்து சர்வீஸ் தெரிய வேண்டியதில்லை. ஓடவும், சட்டென்று நிற்கவும், திசை மாற்றவும், தாவவும், எறியவும், பிடிக்கவும், உதைக்கவும், ஒற்றைக் காலில் நிற்கவும் வந்தால் போதும். இவை நன்றாகக் கைகூடிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் போனதும் எந்த விளையாட்டையும் பிடித்துக்கொள்ளும். இவை வராத பிள்ளை 'எனக்கு விளையாட வராது' என்று ஓரமாக உட்கார்ந்துவிடும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். அதற்குப் பட்டயப் படிப்பு தேவையில்லை, திடலில் கூடவே நிற்க வேண்டும். நாற்காலி போட்டு மரத்தடியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டே 'விளையாடுங்கடா' என்றால், வலுத்த நாலு பையன்கள் பந்தை எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

மொத்தமே இருபத்து நாலு பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் எப்படி ஒன்றாக விளையாட வைப்பது?

பலரும் குறையாகச் சொல்கிற இதுதான் சின்னப் பள்ளியின் பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அறுநூறு பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை ஐந்து வருடமும் கவனிக்கப்படாமலே போய்விடலாம். இருபத்து நாலு பேரில் யார் பந்தைப் பார்த்ததும் கண்ணை மூடுகிறாள், யார் இடது காலால் உதைக்கிறான் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது வயது பார்த்தா பிரிகிறார்கள்? அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆடுவாள். சின்னவனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அந்த வழக்கத்தைக் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். ஒப்புக்கு என்று யாரும் வேண்டாம், ஆனால் விதி ஆளுக்கு ஆள் மாறலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பத்தடி தூரத்திலிருந்து எறிய வேண்டும் என்றால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நாலடியில் நின்று எறியட்டும். பெரியவர்கள் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு விரட்ட, சின்னவர்கள் இரண்டு காலில் ஓடட்டும். பிள்ளைகள் இதை அநியாயம் என்று நினைப்பதே இல்லை. நாம் விதியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களே 'சார், கயல் சின்னப் புள்ள, அவளுக்கு ரெண்டு உயிர் குடுக்கலாம்' என்று சேர்த்துவிடுவார்கள்.

அணி பிரிக்கும்போது மட்டும் கவனம். இரண்டு தலைவர்களை நிறுத்தி, ஆளுக்கொருவராகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கடைசியாக மிஞ்சுவது எப்போதும் அதே இரண்டு மூன்று பிள்ளைகள்தான். சில ஊர்களில் அந்த வரிசையில் சாதியும் வந்து நிற்கும். ஆசிரியரே பிரிக்கட்டும், ஒவ்வொரு வாரமும் மாற்றிப் பிரிக்கட்டும். திடலில் கைகோத்து ஆடிய பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் தள்ளி உட்காருவதில்லை என்பதையும் பார்க்கிறேன்.

ஒரு பீரியட் எப்படி இருக்க வேண்டும்?

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்து நாலு பிள்ளைகள் ஒரே வரிசை, கையில் ஒரே பந்து. ஒருவர் ஓடிப் போய் எறிந்துவிட்டு வரப் பதினைந்து வினாடி என்றால், ஒரு சுற்று முடிய ஆறு நிமிடம். அரைமணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஐந்து முறை வாய்ப்பு வரும். கூட்டினால் எழுபத்தைந்து வினாடி. மீதி நேரம் வரிசையில் நின்று முன்னாலிருப்பவன் முதுகைக் குத்துவதில் போகும். அதே பிள்ளைகளை நாலு நாலு பேராக ஆறு குழுவாக்கி, ஆறு பந்தோ துணிப் பந்தோ கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு முப்பது முறை வாய்ப்பு வரும், ஏழரை நிமிட ஓட்டம் கிடைக்கும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. நல்ல உடற்கல்வி என்பதில் பாதி, இந்த வரிசையை உடைப்பதுதான்.

எங்கள் பள்ளியில் கிளித்தட்டு ஆடும் நாளைச் சொல்கிறேன். மணி அடித்ததும் பிள்ளைகள் திடலுக்கு நடந்து வருவதில்லை. வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு, கொடிக்கம்பத்தைச் சுற்றி, கோட்டுக்கு ஓடி வர வேண்டும். உடல் சூடேற்றுவது அதிலேயே முடிந்துவிடும். அப்புறம் ஐந்து நிமிடம் 'நிழல் மிதி': இரண்டு இரண்டு பேராக, ஒருவர் நிழலை இன்னொருவர் மிதிக்க வேண்டும். திசை மாற்றி ஓட இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பிறகு கிளித்தட்டு. ஒரே ஆடுகளத்தில் இருபத்து நாலு பேரையும் நெருக்காமல் இரண்டு களம் போடுவோம். ஐந்து குறுக்குக் கோடு, நடுவில் ஒரு நெடுங்கோடு. குறுக்குக் கோட்டுக்கு ஒரு காவல், நெடுங்கோட்டில் 'கிளி' என்று ஒருவர், ஆக ஆறு பேர். எதிர் அணியில் ஆறு பேர் கட்டம் கட்டமாகத் தாண்டிக் கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும். தொடப்பட்டவர் வெளியே போக வேண்டாம், முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினால் போதும். எட்டு நிமிடத்தில் அணி மாறும். காவல் நிற்கும் பிள்ளை கோட்டைவிட்டுக் காலை எடுக்காமல் உடம்பை மட்டும் சாய்த்து எட்டித் தொடுவதையும், உள்ளே நிற்கும் பிள்ளை இடப்பக்கம் போவதுபோல் தோளைக் காட்டிவிட்டு வலப்பக்கம் நழுவுவதையும் பார்த்தால், பின்னாளில் கபடியில் எது தேவையோ அத்தனையும் அங்கே இருக்கிறது.

கடைசி மூன்று நான்கு நிமிடம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர். 'இன்னைக்கு எப்படித் தாண்டினே?' என்று ஒரே ஒரு கேள்வி. வாய் திறக்காத பிள்ளைகூட இதற்குப் பதில் சொல்லும்.

அவுட் ஆனவர்கள் வெளியே உட்கார்வதுதானே விளையாட்டு?

பெரியவர்கள் போட்டியில் சரி. ஏழு வயதில் வேண்டாம். வெளியேற்றும் ஆட்டங்களில் முதலில் வெளியே போவது யார்? மெதுவாக ஓடுபவள், பருமனான பிள்ளை, பயந்த பிள்ளை. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ, அவர்களை முதலில் உட்கார வைக்கிறோம்.

நாற்காலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி குறையட்டும், பிள்ளைகள் குறைய வேண்டாம். கடைசியில் மூன்று நாற்காலியில் பத்துப் பேர் ஒருவர் மடியில் ஒருவராகச் சமாளித்து உட்காரப் பார்ப்பார்கள். சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேட்கும். பந்தை எறிந்து ஆளை அடிக்கும் ஆட்டத்தில் அடிபட்டவர் அடித்தவரின் அணிக்குப் போய்விடலாம். ஓடிப்பிடித்தலில் பிடிபட்டவர் கல்லாய் நிற்க, இன்னொருவர் தொட்டதும் உயிர் வரலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. அதில் வாரம் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுவாக்கும் தாவல், ஏறல் போன்றவை இருக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைக்கு இது தானாகக் கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பிள்ளையையும் இப்போது வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மாலையில் கையில் செல்போன்.

அறுபதில் பாதியைப் பள்ளி பார்த்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பிரித்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவுத் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட கையோடு ஓட வேண்டாம், பாண்டி, அஞ்சாங்கல் மாதிரி ஆட்டங்கள் அந்த நேரத்துக்குச் சரி. பதினோரு மணி இடைவேளையில் நிழலில் பத்து நிமிடம் கயிறு தாண்டுதல். கடைசிப் பீரியடில் முழு ஆட்டம். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காலை உணவின் அருமை தெரியும்.

திடல் முழுக்க முள்ளும் கல்லும். என்ன செய்வது?

முள்ளில் இரண்டு விதம். நெருஞ்சி தரையோடு படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும். காய் முற்றிவிட்டால் முள் உதிர்ந்து மண்ணில் கலந்து வருடக் கணக்கில் தொல்லை கொடுக்கும். ஆகவே ஐப்பசி மழைக்குப் பிறகு செடி துளிர்த்துப் பூக்கும்போதே வேரோடு பிடுங்கி, ஒரு சாக்கில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பிடுங்கிய இடத்திலேயே போட்டால் காய் அங்கேயே கொட்டும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் பலனில்லை, மறு மழைக்குத் தூரிலிருந்து நாலு கிளை வெடிக்கும். தூரோடு எடுக்க ஜேசிபிதான் வேண்டும். பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். புதருக்குள் பாம்பு இருக்கும்.

கரிசல் பூமியில் இன்னொரு சிக்கல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கால் மாட்டிக்கொள்ளும், மழையில் அப்பிக்கொள்ளும். மேலே கிராவலோ செம்மண்ணோ பரப்பித் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் தாங்கும். முழுத் திடலையும் சீராக்கக் காத்திருக்க வேண்டாம். இருபதடிக்கு நாற்பதடி சுத்தமான இடம் இருந்தால் முக்கால்வாசி ஆட்டங்களை ஆடிவிடலாம். அந்த அளவுக்கு முதலில் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. ஆசிரியர் போய்ப் பேசுவதைவிட, பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் நாலு பேர் எழுந்து கேட்டால் வேலை நடக்கும். 'திடல் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'தென்பக்கம் உள்ள கருவேலத்தைத் தூரோடு எடுத்து, மூன்று லோடு கிராவல் அடித்துத் தர வேண்டும்' என்று கேளுங்கள்.

இடமே இல்லாத பள்ளிகள் அறுவடை இல்லாத மாதங்களில் உலர்களத்தைக் கேட்டுப் பயன்படுத்தலாம். சிமென்ட் தரை என்பதால் பாண்டி, கயிறு, பந்து பிடித்தல் மட்டும், தாவலும் கபடியும் அங்கே வேண்டாம். கண்மாய்க்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வண்டல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

கோடு போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீறாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கோலமாவு போதும். கட்டிடத்துக்கு முன்னால் உள்ள தளத்தில் பெயின்ட்டால் பாண்டிக் கட்டமும் எண் ஏணியும் ஒருமுறை வரைந்துவிட்டால் வருடம் முழுக்க நிற்கும்.

விளையாட்டு மானியம் 5,000 ரூபாய். என்ன வாங்கலாம்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய் விளையாட்டு மானியம் என்று வகை செய்திருக்கிறார்கள். பல பள்ளிகளில் இந்தப் பணம் ஒரு கேரம் போர்டு, ஒரு செஸ் செட், விலை உயர்ந்த ஒரு கிரிக்கெட் மட்டை என்று போய்விடுகிறது. நாலு பேர் ஆடலாம், இருபது பேர் பார்க்கலாம்.

எண்ணிக்கைதான் முக்கியம். பலவிதப் பொருளில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, சில வகைப் பொருள்களை இருவருக்கு ஒன்றாவது வரும்படி வாங்குங்கள். ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து, ரிங், கயிறு, அடையாளக் கூம்பு, பம்பு, அதற்கு இரண்டு ஊசி. ஊசி ஒன்று கட்டாயம் தொலையும். கால்பந்து வாங்கினால் மூன்றாம் அளவும் நான்காம் அளவும் வாங்குங்கள். ஐந்தாம் அளவு பெரியவர்களுக்கானது. சின்னக் கால் அதை உதைத்தால் வலிதான் மிஞ்சும், அடுத்த நாள் பிள்ளை பந்துப் பக்கமே வராது.

மற்றது ஊரிலேயே கிடைக்கும். பழைய சேலையைச் சுற்றித் தைத்த துணிப் பந்து, பயந்த பிள்ளைகள் பிடித்துப் பழக நல்லது. தரையில் கிடத்திய பனங்கட்டை ஒன்று இருந்தால் சமநிலைப் பயிற்சி ஆயிற்று. கொட்டாங்குச்சியில் கயிறு கோத்துக் காலில் மாட்டி நடக்கலாம். சாக்கு, கம்பு, பைக் டயர் எல்லாமே உதவும். டயரை மண்ணில் பாதி புதைத்து நட்டால் உள்ளே மண்ணை நிரப்பிவிடுங்கள். தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும்.

வாங்கிய பொருளெல்லாம் பீரோவில் பூட்டியே இருக்கிறது. என்ன செய்ய?

இது தலைமையாசிரியரின் குணக் குறை என்று நினைக்காதீர்கள். பந்து கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டுமே, தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான் பூட்டு. அந்தப் பயத்தைப் போக்கினால் பீரோ திறக்கும். பருவம் முடியும்போது மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கிழிந்த பந்துகளையும் அறுந்த கயிறுகளையும் மேசையில் வைத்து, 'பயன்பாட்டில் தேய்ந்தவை' என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தணிக்கைக்கு ஆதாரம் இருக்கும். பொருள்களை ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் போட்டு, எடுத்து வைக்கும் பொறுப்பை ஐந்தாம் வகுப்பிடம் கொடுங்கள். வருடக் கடைசியில் புத்தம் புதிதாக இருக்கும் பந்தைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை.

பெண் பிள்ளைகள் கொஞ்ச நாளில் ஒதுங்கிவிடுகிறார்களே?

ஒன்றாம் வகுப்பில் ஒதுங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. பாவாடை பறக்கும் என்ற கூச்சம் ஒன்று, உள்ளே அரைக்கால் டிரவுசர் போட்டு அனுப்பச் சொன்னால் பாதி தீர்ந்தது. பையன்கள் பந்தைத் தராதது இன்னொன்று. 'ஒரு பெண் பிள்ளையாவது தொட்ட பிறகுதான் பந்து கோட்டைத் தாண்டலாம்' என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள், இரண்டே வாரத்தில் நிலைமை மாறும்.

வீட்டிலிருந்து வருவதுதான் கடினம். 'டீச்சர், புள்ள வெயில்ல கறுத்துப் போகுது, ஆட விடாதீங்க' என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. கோபப்படாதீர்கள். 'வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட விடுறோம் அக்கா, நீங்களும் ஒருநாள் வந்து பாருங்க' என்று கூப்பிடுங்கள். வந்தவர்களிடம் கயிற்றையோ பாண்டிச் சில்லையோ கையில் கொடுங்கள். தான் சின்ன வயதில் எப்படி ஆடினேன் என்று மகளுக்குக் காட்டிய அம்மா, மறுபடி அந்தக் கோரிக்கையோடு வருவதில்லை.

உடற்குறை உள்ள பிள்ளையை என்ன செய்வது? ஸ்கோர் எழுத உட்கார வைக்கலாமா?

கூடாது. ஸ்கோர் எல்லோரும் முறை வைத்து எழுதட்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பள்ளிக்கு நடந்து போகும்போது ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனவர் மாரியப்பன் தங்கவேலு. அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியது பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவரை அன்று யாரும் ஸ்கோர் எழுத உட்கார வைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நடைமுறையில் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படாது. பார்வை மங்கலான பிள்ளைக்குப் பந்துக்குள் இரண்டு சலங்கையைப் போட்டுத் தைத்துவிடலாம். காது கேளாத பிள்ளை இருந்தால் விசிலோடு கையையும் உயர்த்துங்கள், அல்லது ஒரு சிவப்புத் துணியை ஆட்டுங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருக்கும் நாளில் எல்லோரும் தரையில் உட்கார்ந்தே பந்து உருட்டி ஆடலாம். வட்டார வள மையத்திலிருந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வரும்போது, எது செய்யலாம், எது கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட பிள்ளையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கும் காயத்துக்கும் என்ன முன்னேற்பாடு?

ஜூன், ஜூலையிலும் மார்ச்சிலிருந்தும் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் வெட்டவெளி ஆட்டம் வேண்டாம். ஆடுவதற்கு முன்னும் நடுவிலும் பிறகும் தண்ணீர். தலை சுற்றுகிறது என்றால் நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்து, நினைவு தெளிவாக இருந்தால் சிறுகச் சிறுகத் தண்ணீர். பேச்சுக் குழறினால், நினைவு தப்பினால் உடனே 108.

சிராய்ப்புக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் முதல் மருந்து. காப்பித்தூள், மஞ்சள், மண் எதையும் அப்பாதீர்கள். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாத்தக் கூடாது, முன்பக்கம் குனிய வைத்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு வரும்போது ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் பற்றிச் சொல்வதைக் குறித்து வையுங்கள். அந்தத் தாளைத் திடலுக்கு எடுத்துப் போகும் பையிலேயே வையுங்கள், அலுவலகக் கோப்பில் வேண்டாம்.

விளையாட விட்டால் படிப்பு கெடாதா?

கெடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இது தொடர்பான ஆய்வுகளை 2010இல் தொகுத்துப் பார்த்தது. உடலசைவுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல் நல்ல விளைவு, ஏறக்குறைய மீதி எல்லாம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை, பாதகம் என்று வந்தது நூற்றில் இரண்டுகூட இல்லை. விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் போட்டால் கணக்கு கூடிவிடும் என்பதற்கு அடிப்படை இல்லை.

இரண்டையும் சேர்க்கவும் முடியும். நீளம் தாண்டியதை மீட்டர் அளவுகோலால் பிள்ளைகளே அளக்கட்டும், ஐந்தாம் வகுப்பு சராசரி போடட்டும், மூன்றாம் வகுப்பு யார் எத்தனை சென்டிமீட்டர் கூட என்று கழித்துப் பார்க்கட்டும். ஒரு வேண்டுகோள்: வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்கு விளையாட்டை நிறுத்துவதும், தண்டனையாகத் திடலைச் சுற்றி ஓடவிடுவதும் இரண்டுமே வேண்டாம்.

உடற்திறன் சோதனை தேவையா?

பிள்ளையை அதன் முந்தைய அளவோடு ஒப்பிடத் தேவை, அடுத்த பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்ட முறையில் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு உயரம், எடை, ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நிற்கும் சோதனை, இரண்டு தட்டுகளை மாறி மாறித் தட்டும் சோதனை மட்டும்தான். நான்காம் வகுப்பிலிருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை போன்றவை வரும். எடையைச் சத்தமாக வாசிக்காதீர்கள். அது பிள்ளையின் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.

போட்டிகளுக்கு அனுப்ப வேண்டாமா? ஆண்டு விழாவில்?

அனுப்பலாம், அவசரம் வேண்டாம். தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளிப் பிரிவே பன்னிரண்டு வயதில்தான் தொடங்குகிறது. ஒன்பது வயதில் ஒரே விளையாட்டில் பூட்டிவைப்பதால் ஒன்றும் கிடைக்காது. கபடி ஆசை உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பில் துண்டைச் செருகி 'வால் பறிக்கும்' கபடி ஆடவிடுங்கள், கால் பிடியும் அடக்கிப் பிடிப்பதும் பிறகு கற்றுக்கொள்ளலாம். கோகோவும் நல்ல தேர்வு, இரண்டு கம்பமும் எட்டுப் பேர் உட்கார இடமும் இருந்தால் போதும்.

விளையாட்டு விழாவில் இறுதிப் போட்டிக்கு நாலு பேரைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களைக் கைதட்ட உட்கார வைக்கும் வழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். எல்லா வகுப்பும் கலந்த நாலு அணி, ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது மூன்று ஆட்டம், மதிப்பெண் அணிக்கு. பரிசுக்கு எவர்சில்வர் டப்பா கொடுப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் அணிவகுத்து நிறுத்தாதீர்கள்.

ஊர் இளைஞர்கள் வந்து பயிற்சி தருகிறோம் என்கிறார்கள். விடலாமா?

நல்ல விஷயம், கபடிக் குழு இல்லாத ஊர் குறைவு. சிலம்பம் தெரிந்த பெரியவர் இருந்தால் அது இன்னும் நல்லது. ஆனால் சில விதிகள் உண்டு. மேலாண்மைக் குழு பெயரைப் பதிவு செய்து அனுமதி தர வேண்டும். ஆசிரியர் ஒருவர் திடலில் இருக்க வேண்டும். வெளியாள் எவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, தன் வண்டியில் தனியாக அழைத்துப் போகக் கூடாது. நல்லவராக இருந்தாலும் இதுதான் விதி, நல்லவர்கள் இதற்கு வருத்தப்பட மாட்டார்கள். 1098 என்ற சிறார் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, சுவரில் அவர்கள் கண் உயரத்தில் எழுதி வையுங்கள்.

சரி, வரும் திங்கட்கிழமை எதிலிருந்து தொடங்குவது?

பணம் வேண்டாத மூன்று காரியம். பீரோவில் இருக்கும் பந்துகளுக்குக் காற்றடித்துக் கூடையில் போடுங்கள். இருபதடிக்கு நாற்பதடி இடத்தைக் கல் பொறுக்கிக் கோலமாவில் கோடு போடுங்கள். கடைசிப் பீரியடில் நீங்களும் திடலில் இறங்கி நில்லுங்கள். ஆட்டம் நடக்கும்போது யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று மட்டும் கவனித்து, அந்தப் பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி அமையுங்கள்.